வாய்க்காலும் வடிகட்டியும்

உத்தரவாதம் என்பது கனமான சொல். உத்தரம் என்றால் பதில். உத்தரவாதி என்றால் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். நம் பாட்டனார் காலத்தில் ஒருவருக்காக மற்றொருவர் உத்தரவாதம் சொல்லுவதென்றால், பணம் திரும்பவில்லை என்றாலும் பேச்சுத் திரும்பாது என்று பொருள். இப்போது அந்தச் சொல் ஒரு சிறு புத்தகமாகிவிட்டது. மோட்டார் கார் வாங்கினால் சாவியோடு கூட அதையும் கொடுக்கிறார்கள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வாக்குறுதி இருக்கும். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். முதல் பக்கத்தை விற்கிறவர் படித்துக் காட்டுவார். கடைசிப் பக்கத்தை, வண்டி நின்றபிறகு, வாங்கினவர் தாமே படித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பொடி எழுத்துகளில் முக்கியமானது பராமரிப்புத் தவணை. இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும், இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் பெட்டியின் வடிகட்டியை மாற்ற வேண்டும், தவறினால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதியிருக்கும். இது ஏதோ அன்னியக் கம்பெனிக்காரன் நேற்றுக் கண்டுபிடித்த தந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலத்தில் பராமரிப்பு, தவறினால் தண்டம், யார் பொறுப்பு என்ற வழக்கு ஆகிய மூன்றும் தாமிரபரணிக் கரையில் கார் என்ற வாகனம் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே இருந்தவை. அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வந்தால், காரின் புத்தகத்தில் எது நியாயம், எது அநியாயம் என்று பிரித்துப் பார்க்க நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

முதலில் அந்த வடிகட்டி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியில், கியர் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் வெறும் வழவழப்புக்காக மட்டும் இருப்பதல்ல. அழுத்தத்தோடு ஓடி, உள்ளே இருக்கும் கிளச்சுத் தட்டுகளை இறுக்குவதும் தளர்த்துவதும் அதன் வேலை. சூட்டை வாங்கிக்கொண்டு போவதும் அதன் வேலை. தட்டுகள் ஒன்றோடொன்று உரசும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் உதிர்கிறது. அந்தத் தூளை வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடித்துப் பிடித்து அது அடைத்துக்கொண்டால் எண்ணெயின் ஓட்டம் குறையும், அழுத்தம் விழும், தட்டுகள் இறுகாமல் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் இன்னும் தூள் உதிரும். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லப்படும் வேக வண்டிகளில் சக்தி அதிகம், சூடு அதிகம். ஆகவே தவணையும் கண்டிப்பாக இருக்கும். இதில் தந்திரம் ஒன்றும் இல்லை. இயந்திரத்தின் இயற்கை அது.

இனி ஆற்றுக்கு வருவோம்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணிக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டு வரலாம். முதல் ஏழும் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இருந்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சியில் கட்டப்பட்டது. இந்த அணைகளிலிருந்து பிரியும் வாய்க்கால்கள்தான் கார், பிசானம் என்ற இரண்டு போகத்துக்கும் தண்ணீர் கொடுக்கின்றன. கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால் என்று அவற்றின் பெயர்கள் இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும்.

இவற்றில் கன்னடியன் கால்வாய்க்கு ஓர் அழகான கதை உண்டு. கன்னட தேசத்து அரசன் ஒருவன் நோய் தீர வேண்டி, தன் உருவத்தை எள்ளால் செய்து, பொன்னும் மணியும் பதித்து ஓர் அந்தணனுக்குத் தானம் செய்தானாம். அந்த அந்தணன் அகத்தியரைத் தேடிப் பொதிகைக்கு வந்து, அவர் சொன்னபடி ஒரு பசுவின் பின்னாலேயே நடந்து, அது போன வழியில் கால்வாய் வெட்டினானாம். கதை கதைதான். ஆனால் அதில் நான் கவனித்தது ஒன்று உண்டு. கால்வாயை வெட்டியவனுக்கு இத்தனை விரிவான கதை கட்டிய ஊர், அதற்குப் பின் ஒவ்வொரு கோடையிலும் அந்தக் கால்வாயைத் தூர் வாரினவர்களுக்கு ஒரு வரிக் கதைகூடக் கட்டவில்லை. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே 1843-ல் தம் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டின சுலோசன முதலியாரின் பெயர் அந்தப் பாலத்துக்கே நிலைத்துவிட்டது. நியாயந்தான். ஆனால் வெள்ளம் வடிந்ததும் தூணுக்கடியில் இறங்கிப் பார்த்துச் சுண்ணாம்பு பூசினவன் யார் என்று எந்தக் கல்லும் சொல்லாது. கட்டுவது ஒரு நாள் புகழ். காப்பது ஆயிரம் நாள் வேலை. உலகம் முதலாவதற்குத்தான் கல்வெட்டு வைக்கிறது.

தூர் வாரும் வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். மராமத்து என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல். பழுது பார்ப்பது என்று பொருள். பிசான அறுவடை முடிந்து, கார்ப் பருவத்துக்குத் தண்ணீர் விடுவதற்கு முன்னால், பங்குனி சித்திரையில், வாய்க்கால்கள் வறண்டிருக்கும். அப்போதுதான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே கைவைக்க முடியும். வண்டலை அள்ளிக் கரையில் போடுவார்கள். நாணலையும் கோரையையும் வேரோடு பிடுங்குவார்கள். உடைப்பு எடுத்த இடத்தில் மண்ணை அணைப்பார்கள். அணைக்கட்டின் கல்வேலை, தலைமதகு போன்ற பெரிய காரியங்கள் சர்க்காரைச் சேர்ந்தவை. கிளைக்கால்களைச் சுத்தமாக வைத்துக்கொள்வது குடிகளைச் சேர்ந்தது. எந்த ஊர், எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை என்பதெல்லாம் வழக்கத்தில் ஏற்பட்டது. வண்டல் என்பது வாய்க்காலின் கிளச்சுத் தூள் அல்லவா? ஒரு வருஷம் எடுக்காவிட்டால் தெரியாது. இரண்டு வருஷம் எடுக்காவிட்டால் கடைமடைக்காரனுக்குத் தெரியும். மூன்றாம் வருஷம் மேல்மடைக்காரனுக்கும் தெரிந்துவிடும்.

கம்பெனி ஆட்சியில் இந்த வழக்கம் தளர்ந்தது. ஊர்க்கட்டு தளர்ந்தால் ஊர்வேலையும் தளரும். அதற்காக 1858-ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கட்டாய உழைப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். அதில் இரண்டு பாகம் உண்டு. வெள்ளத்தால் ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் அபாயம் ஏற்பட்டால், அக்கம்பக்கத்தில் உள்ள உழைக்கும் வகுப்பாரை அழைத்து வேலை வாங்கலாம் என்பது ஒன்று. அதற்குக் கூலி உண்டு. மற்றொன்றுதான் நமக்கு வேண்டிய பாகம். வழக்கப்படி ஊரார் சேர்ந்து செய்ய வேண்டிய நீர்ப்பாசன வேலைக்கு, தகுந்த காரணமில்லாமல் ஒருவன் தன் பங்கு உழைப்பைக் கொடுக்காமற் போனால், அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு பணம் அவனிடம் வசூலிக்கலாம் என்பது அது.

இந்தச் சட்டத்தை நான் புகழ வரவில்லை. அதில் ஒரு பெரிய அநியாயம் ஒளிந்திருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் யாருடைய வயலுக்குப் பாய்ந்தது? ஆற்றுப்பாசன நஞ்சை மிராசுதார்களிடத்திலும் கோவில்களிடத்திலும் மடங்களிடத்திலும் இருந்தது. கோடை வெயிலில் வாய்க்காலுக்குள் இறங்கி மண் வெட்டினவர்கள் யார்? பெரும்பாலும் அந்த வயல்களில் வேலை செய்த பள்ளர் குடும்பத்தவர்கள். கணக்கில் மிராசுதார் தம் பங்கு உழைப்பைக் கொடுத்தார் என்று இருக்கும். கொடுத்த உழைப்பு வேறொருவனுடைய முதுகில் இருக்கும். பழைய ஊர் ஒற்றுமையைப் பற்றி நாம் பெருமை பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஒரு நிதானம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மன்னிப்பு உண்டு. காரணம் இல்லாவிட்டால் தண்டம் உண்டு. ஆனால் தண்டத்துக்கு ஓர் அளவு உண்டு. ‘நீ மூன்று நாள் வேலைக்கு வரவில்லை, ஆகவே இனிமேல் உனக்கு வாய்க்காலே கிடையாது’ என்று அது சொல்லவில்லை. தவறுக்கும் தண்டத்துக்கும் உள்ள இந்தப் பொருத்தத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே திருநெல்வேலிச் சீமையில், திருக்குறுங்குடியில், 1877-ல் ஒருவர் பிறந்தார். டி.வி. சுந்தரம் அய்யங்கார் என்பது அவர் பெயர். சட்டம் படித்து, உத்தியோகமும் பார்த்து, அதையெல்லாம் விட்டுவிட்டு மோட்டார்த் தொழிலில் இறங்கினார். 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டினார். பிறகு மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு அவருடைய தொழில் வளர்ந்தது. அவருடைய பஸ் வருவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று தென்பாண்டி நாட்டில் சொல்வதுண்டு. இந்தப் பேச்சை எல்லோரும் டிரைவரின் கெட்டிக்காரத்தனத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். உண்மையில் அது பட்டறையின் பெருமை. பஸ் நேரத்துக்கு வர வேண்டுமானால் வழியில் நிற்கக் கூடாது. வழியில் நிற்காமல் இருக்க வேண்டுமானால், நிற்பதற்கு முன்னால் ஷெட்டில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கெட்ட பிறகு சீர்செய்வது என்ற வழக்கத்தை விட்டு, கெடுவதற்கு முன் தவணைப்படி பார்ப்பது என்ற வழக்கத்தை இந்தப் பக்கத்து மோட்டார்த் தொழிலில் ஊன்றியதில் அவருடைய நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1955-ல் அவர் காலமானார்.

அந்த வழக்கத்துக்கு உண்மையான பரீட்சை இரண்டாவது உலக யுத்தத்தில் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் ஏற்பட்டது. பஸ் முதலாளிகள் கரிவாயுவுக்கு மாறினார்கள். டி.வி.எஸ். நிறுவனமே கரிவாயு அடுப்பு ஒன்றைத் தயாரித்து விற்றது. பஸ்ஸின் பின்புறத்தில் ஓர் இரும்பு உருளை நிற்கும். அதற்குள் மரக்கரி கனன்றுகொண்டிருக்கும். போதிய காற்று இல்லாமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு கிடைக்கிறது. அதைக் குளிரவைத்து, வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும். பெட்ரோலில் ஓடுகிற சுறுசுறுப்பு இராது. மேட்டில் மூச்சு வாங்கும். ஆனால் ஓடும்.

இங்கே வடிகட்டிதான் உயிர்நாடி. கரியிலிருந்து சாம்பலும் தூசியும் வாயுவோடு கிளம்பும். வடிகட்டியில் நிற்காமல் அது எஞ்சினுக்குள் போனால், சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் தேய்த்துவிடும். இன்றைய கியர் பெட்டியின் வடிகட்டியைப் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கரி பஸ்ஸின் வடிகட்டியை அன்றாடம் திறந்து துப்புரவாக்க வேண்டும். அந்த வேலை யாருடையது? கிளீனர் என்று அழைக்கப்பட்ட பையனுடையது. அந்த நாளில் அந்தப் பெயருக்கு முழு அர்த்தம் இருந்தது.

வண்ணார்பேட்டையில் நான் சிறுவனாக இருந்தபோது ஒரு முதிய டிரைவர் இருந்தார். யுத்த காலத்தில் கிளீனராகச் சேர்ந்து டிரைவராக உயர்ந்தவர். அவரிடம் கரி பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். “விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு அடுப்பைப் பத்த வெக்கணும், தம்பி. கையால காத்தாடியைச் சுத்திச் சுத்தித் தோள்பட்டை கழண்டு போகும். அதுக்கு முந்தி சாம்பலைத் தட்டி, வடிகட்டியைக் கழட்டி உதறிப் போடணும். உதறினா மூஞ்சி பூரா கரி. ஒரு நாள் உதறாம விட்டோம்னா முதலாளிக்குத் தெரியாது, ஆனா வண்டிக்குத் தெரியும்” என்பார். அந்த வாயு விஷம் என்று அந்தப் பையன்களுக்கு யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். “சொன்னாக. தலை சுத்தினா வெளிய வந்து நில்லுன்னாக” என்றார். அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்த உத்தரவாதம்.

இனி விற்கிறவன் கொடுக்கும் வாக்குறுதியின் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்போர்ட்ஸ் காருக்கும் உத்தரவாதத்துக்கும் நடந்த பழைய சண்டைகளில் ஒன்று இங்கிலாந்தில் 1920-களில் நடந்தது. ஒருவர் மோட்டார் வியாபாரிகளிடம் போய், ஊர் சுற்றிப் பார்க்க வசதியான கார் வேண்டும் என்று கேட்டார். அவர்கள் புகாட்டி காரைச் சிபாரிசு செய்து விற்றார்கள். புகாட்டி பந்தயக் குதிரை போன்றது. ஊர் சுற்றுகிறவருக்கு வேண்டியது சாதுவான மட்டக்குதிரை. அவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். வியாபாரிகள் ஒப்பந்தத் தாளைக் காட்டினார்கள். அதில், சட்டப்படியோ வேறுவிதமாகவோ எந்த வாரன்டியும் கிடையாது என்று எழுதியிருந்தது. நீதிபதிகள் சொன்னது ரசமானது: ‘நீங்கள் விலக்கியது வாரன்டியைத்தான். வாங்குகிறவர் சொன்ன காரியத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது வாரன்டி அல்ல. அது ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனை. அதை நீங்கள் விலக்கவில்லை’ என்ற பொருளில் தீர்ப்பளித்தார்கள். புகாட்டி திரும்பிப் போயிற்று. நிபந்தனை வேறு, வாரன்டி வேறு என்ற இந்தப் பாகுபாடு நம் நாட்டின் 1930-ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டத்திலும் இருக்கிறது. நிபந்தனை தவறினால் பொருளையே திருப்பிவிடலாம்; வாரன்டி தவறினால் நஷ்டஈடுதான் கேட்கலாம்.

அமெரிக்காவில் சண்டை இன்னும் பெரிதாக நடந்தது. அங்கே வெகு காலமாகக் கார் கம்பெனிகள் எல்லாம் ஒரேவிதமான வாக்குறுதியைத்தான் கொடுத்துவந்தன. தொண்ணூறு நாள் அல்லது நாலாயிரம் மைல், எது முந்துகிறதோ அதுவரை, பழுதான பாகத்தை மாற்றிக் கொடுப்போம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கக் கூடாது. 1955-ல் நியூ ஜெர்சியில் ஒருவர் தம் மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாக ஒரு பிளிமத் கார் வாங்கினார். பத்தே நாளில், 468 மைல் ஓடியிருந்த நிலையில், ஸ்டீரிங் பழுதாகி வண்டி சுவரில் மோதியது. அம்மையாருக்குக் காயம். கம்பெனி, ரசீதின் பின்புறத்துப் பொடி எழுத்தைக் காட்டியது. 1960-ல் நியூ ஜெர்சி மேல்நீதிமன்றம் அந்தப் பொடி எழுத்தை ஏற்க மறுத்துவிட்டது. எல்லாக் கம்பெனியும் ஒரே தாளை நீட்டும்போது வாங்குகிறவனுக்குப் பேரம் பேச இடம் ஏது என்று அது கேட்டது.

அதற்கு அடுத்தபடி வந்ததுதான் நம் வடிகட்டி விவகாரம். 1963-ஆம் வருஷத்து மாடல்களுக்குக் கிரைஸ்லர் கம்பெனி எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் ஐந்து வருஷம் அல்லது ஐம்பதினாயிரம் மைல் உத்தரவாதம் கொடுத்தது. உலகமே மூக்கின்மேல் விரலை வைத்தது. ஆனால் பின்னாலேயே ஒரு வால் இருந்தது. மூன்று மாதம் அல்லது நாலாயிரம் மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். இரண்டு முறைக்கு ஒரு தரம் எண்ணெய் வடிகட்டியை மாற்ற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரசீதுகளைக் கொண்டுபோய் டீலரிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். இல்லையென்றால் ஐம்பதினாயிரம் மைலும் கானல்நீர். நீண்ட வாக்குறுதியும் கண்டிப்பான தவணையும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன.

தவணை கேட்பது நியாயம். ஆனால் தவணை வேலையை எங்களிடமே செய்ய வேண்டும், எங்கள் பெயர் போட்ட வடிகட்டியையே போட வேண்டும் என்று கேட்டால்? அமெரிக்காவில் 1975-ல் ஒரு சட்டம் வந்தது. பாகத்தையோ வேலையையோ இலவசமாகக் கொடுத்தாலொழிய, குறிப்பிட்ட பெயருள்ள சாமானைத்தான் உபயோகிக்க வேண்டும் என்று உத்தரவாதத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று பொதுவிதி செய்தது. நம் நாட்டில் 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019-ல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு எதிராக ஓர் உத்தரவு போட்டது. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை அடியோடு ரத்துசெய்யக் கூடாது. வெளி வேலையின் கோளாறால் பழுது ஏற்பட்டிருந்தால் அந்த மட்டுக்கும் மறுக்கலாம் என்று அதில் சொல்லியிருந்தது. சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அது வேறு கதை. ‘அந்த மட்டுக்கும்’ என்ற இரண்டு சொற்களைத்தான் நான் இங்கே அடிக்கோடிட விரும்புகிறேன். 1858-ஆம் வருஷத்துச் சட்டத்தில் நாம் பார்த்த அதே பொருத்தம், வேறு உடையில் வந்து நிற்கிறது.

இந்த விஷயத்தில் என் புத்தி போனதற்குக் காரணமான சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் மகன் பெங்களூரில் உத்தியோகம் பார்த்து, கடனும் உடனுமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், திரும்பிப் போகும் வழியில் கியர் பெட்டி நின்று, வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். புதுப் பெட்டியின் விலையைக் கேட்டால் இங்கே ஒரு சிறு வீடு கட்டலாம். கம்பெனி, வடிகட்டி மாற்றும் தவணை இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது என்று சொல்லிக் கையை விரித்துவிட்டது. பையன் என்னிடம் மனு எழுத வந்தான். கதை எழுதுகிறவன் மனுவும் எழுதுவான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை.

“நீ தவணையைத் தாண்டினது நிஜந்தானே?” என்று கேட்டேன்.

“ரெண்டாயிரந்தானே மாமா! அதுக்குப் போயி இப்படியா செய்வான்?”

“ரெண்டாயிரத்துக்காகத் தண்டம் கேட்கட்டும். முழுசும் இல்லையென்று சொல்லலாமா என்பதுதான் கேள்வி. பழுதான பாகத்தைப் பிரித்துப் பார்த்தார்களா? வடிகட்டி அடைத்திருந்ததா?”

“அதை யாரு பாத்தா? புத்தகத்தைப் பாத்தாக, கிலோமீட்டரைப் பாத்தாக. என்ன மாமா, நீங்களும் அவுக கட்சி மாதிரிப் பேசுதிய?”

நான் அவர்கள் கட்சியல்ல. அவன் கட்சியும் முழுக்க அல்ல. மனுவில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டோம்: பெட்டியைப் பிரித்து வடிகட்டியைக் காட்டுங்கள். பிரித்தார்கள். வடிகட்டியில் சொல்லும்படியான அடைப்பு இல்லை. உள்ளே ஒரு வால்வுதான் பழுதாகியிருந்தது. கடைசியில் பெட்டிக்குக் கம்பெனி பொறுப்பேற்றது. எண்ணெய், வடிகட்டி, கூலி ஆகியவற்றை அவன் கொடுத்தான். அவனுக்கு அதிலும் குறைதான். எனக்கு அது நியாயமாகவே பட்டது. கிலோமீட்டர் எண்ணைப் பார்ப்பது சுலபம். வடிகட்டியைப் பார்ப்பது கையை அழுக்காக்கும் வேலை. நியாயம் பெரும்பாலும் கை அழுக்காகிற இடத்தில்தான் கிடைக்கிறது.

இத்தனையும் பார்த்தபின் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். பராமரிப்புத் தவணையோடு கூடிய உத்தரவாதத்தில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். தவணை என்ன என்பது வாங்குகிறவனுக்கு வாங்கும்போதே தெளிவாகச் சொல்லப்பட்டதா? தவணை தவறியதற்கும் பழுதுக்கும் சம்பந்தம் உண்டா? தவறுக்குத் தகுந்த அளவில் தண்டம் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் வாங்கினவன் வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் வழக்காட வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்திலும் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ரசீதுகளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் மாற்றிய ரசீதைப் பெட்ரோல் ரசீதோடு சேர்த்து ஜன்னல் வழியே பறக்கவிடுகிறவனுக்கு எந்தச் சட்டமும் உதவாது.

நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு. அதை எந்தச் சட்டமும் கேட்பதில்லை. தவணை வேலையை உண்மையில் செய்கிறவன் யார், அவனுக்கு என்ன கிடைக்கிறது என்பது அந்தக் கேள்வி. கோடை வெயிலில் வாய்க்காலுக்குள் நின்றவனுக்கு வயல் இல்லை. வடிகட்டியை உதறிக் கரிப்புகையை விழுங்கின பையனுக்கு பஸ் இல்லை. இன்று குளிர்சாதன ஷோரூமின் பின்புறத்தில், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, கொதிக்கும் எண்ணெயை வடியவிடுகிற தொழிலாளிக்கு அந்தக் கார் ஓட்டிப் பார்க்கக்கூடக் கிடைக்காது. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இருக்கும். அவன் பெயர் இராது. அந்த மனிதன் அன்றைக்கு மனம் வைத்து வேலை செய்தானா, அல்லது பழைய வடிகட்டியையே துடைத்துப் போட்டுவிட்டுப் போனானா என்பதில்தான் வாக்குறுதி கொடுத்தவனின் மானமும் வாங்கினவனின் பணமும் இருக்கின்றன.

தாமிரபரணியில் குடிமராமத்து என்ற பெயர் 2017-ல் தமிழ்நாடு அரசின் திட்டமாகத் திரும்பி வந்தது. பழைய கட்டாய உழைப்பு இல்லை. அரசின் நிதியில், பாசன விவசாயிகளின் சங்கங்களைக் கொண்டு வேலை நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மண்வெட்டி பிடித்த இடத்தில் மண் அள்ளும் இயந்திரம் இறங்கிற்று. முதுகு ஒடிகிற வேலை முதுகை விட்டுப் போனால் சந்தோஷமே. ஆனால் நிதி ஒரு வருஷம் வரும், ஒரு வருஷம் வராது. வண்டல் வருஷாவருஷம் வரும். ஆகவே எந்த ஏற்பாட்டிலும் யாராவது ஒருவர், பிசான அறுவடை முடிந்ததும், கரையில் நடந்துபோய், எங்கே மேடு தட்டியிருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும். அப்படி நடக்கிறவர்கள் கன்னடியன் காலிலும் கோடகன் காலிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கண்டால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். நம் சோற்றுக்கு உத்தரவாதி அவர்.